ஹான்ஸ் வேர் அகராதி: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

கைபேசியில் செயலி இருக்கும்போது இந்தப் பச்சை அட்டைப் புத்தகம் எதற்கு என்று அரபி படிக்கும் நண்பர்கள் கேட்பதுண்டு. ஷார்ஜாவுக்கு வேலைக்கு வந்த நாள்முதல் இது என் மேசையில்தான் கிடக்கிறது. வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். ஆனால் அடிப்படை இலக்கணம் கைவந்த பிறகு வாங்குங்கள்.

ஜெர்மானிய அரபி அறிஞர் ஹான்ஸ் வேர் இந்த அரபி அகராதியை 1952-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்டார். மில்டன் கோவன் பதிப்பித்த ஆங்கில வடிவம் 1961-இல் வந்தது. இக்கால எழுத்து வழக்குக்கான அகராதி இது. செய்தித்தாளுக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் நன்றாகவே கைகொடுக்கிறது.

சொற்கள் வேர் வரிசையில்தான், அதாவது அவற்றுக்கு அடிப்படையான மெய்யெழுத்துகளின் வரிசையில்தான் இருக்கும். மருத்துவமனைக்கு அரபியில் முஸ்தஷ்ஃபா. அதை மீம் எழுத்தில் தேடிப் பயனில்லை. முன்னால் ஒட்டியிருக்கும் 'முஸ்த'வை உரித்துவிட்டு ஷீன் பகுதிக்குப் போனால் ஷ-ஃப-ய என்ற வேர் கிடைக்கும். குணமாதலைக் குறிக்கும் ஷிஃபாவும் அங்கேயே இருக்கிறது. அரபியில் ஒரே வேரிலிருந்து வினைகள் எண்ணிட்ட வடிவங்களில் பிறக்கும். அவற்றுள் முஸ்தஷ்ஃபா பிறந்த பத்தாம் வடிவத்துக்கு 'ஒன்றை நாடுதல்' என்ற பொருள் உண்டு. ஆக, குணம் நாடிப் போகும் இடம். ஒரு சொல்லைத் தேடப் போய் அதன் குடும்பத்தையே பார்த்துவிட்டு வருகிறோம். செயலியில் எனக்கு இது வாய்க்கவே இல்லை.

வளைகுடாவில் எல்லாருக்கும் தெரிந்த குபூஸையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து அரபியில் அது குப்ஸ், வேர் க-ப-ஸ. ரொட்டி சுடுபவர் கப்பாஸ், ரொட்டிக்கடை மக்பஸ். இதே வாய்பாட்டில் சமையல்காரர் தப்பாக், சமையலறை மத்பக். துணி துவைக்கும் கடை மக்ஸலா, துவைக்கும் இயந்திரம் கஸ்ஸாலா. குளிர்பெட்டி ஸல்லாஜா, கார் ஸய்யாரா. குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் வழிப்போக்கர் கூட்டத்தைக் குறித்த ஸய்யாராதான் இன்று கார். இதையெல்லாம் பிடித்துவிட்டால் கடைத்தெருப் பலகைகளே பாடப்புத்தகம்.

வாய்பாடு என்ற சொல்லைத் தெரிந்தேதான் போட்டேன். நாம் 'செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்' என்கிறோம். அரபு இலக்கணமும் ஃப-அ-ல என்ற வேரைத்தான் மாதிரியாக வைக்கிறது. அதற்கும் 'செய்' என்றே பொருள்! இது தெரிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

சிரமங்களும் உண்டு. வாவ், யா போன்ற, எளிதில் மாறியோ மறைந்தோ போகும் நலிந்த எழுத்து வந்தால் வேர் ஒளிந்துகொள்ளும். எத்திசலாத் என்ற அமீரகத் தொலைத்தொடர்பு நிறுவனப் பெயர் 'இத்திஸால்' என்பதன் பன்மை. 'தொடர்புகள்' என்று பொருள். வேரின் முதலெழுத்தான வாவ், எட்டாம் வடிவத்தில் அடுத்துவரும் தா எழுத்தாகவே மாறிவிடுகிறது. எனவே வாவ் பகுதியில் வ-ஸ-ல என்று தேட வேண்டும். நம் ஊர் 'வசூல்' பாரசீகம், உருது வழியாக வந்த இதே வேரின் சொல்தான். மகசூலுக்கும் தாசில்தாரின் தாசிலுக்கும் வேர் ஹ-ஸ-ல.

வேர் தெரிந்தால் பொருளும் தெரிந்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. கல்ப் என்றால் இதயம், இன்கிலாப் என்றால் புரட்சி. இரண்டும் ஒரே வேர். 'புரட்டு' என்ற அடிப்பொருள் தெரிந்தால் புரட்சி விளங்கும். இதயத்தை ஊகித்துப் பிடிக்க முடியாது, பக்கத்தைப் புரட்டித்தான் ஆக வேண்டும்.

எழுத்து மிகப் பொடி; கண்ணாடி போட்டவர்களுக்குச் சோதனைதான். வினையின் இரண்டாம் வடிவம் முதல் பத்தாம் வடிவம் வரை ரோமன் எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள், சொல்லை நாமே உருவாக்கிக்கொள்ள வேண்டும். இலக்கணம் முதலில் என்று நான் சொன்னது இதற்காகத்தான். பக்கத்து அறைக்காரர் பேசும் கல்ஃப் கொச்சைக்காக இதை வாங்காதீர்கள், அதில் பெரும்பகுதி இதில் இருக்காது. அரபிச் செய்தித்தாளைத் தாமாகவே படிக்க ஆசைப்படுகிறவர்கள், பத்து வினை வடிவங்களையும் தடுமாறாமல் சொல்ல வந்த மாதமே வாங்கிவிடலாம்.