சிலிகான் பிரேக் கிரீஸ்: உப்புக்காத்துக்குத் தாங்குமா?

பாம்பன், மண்டபம், தனுஷ்கோடின்னு ஓடுற கார்ல பிரேக் பேடு தேயறதுக்கு முன்னாடியே காலிப்பர் பின் இறுகிடும். காலிப்பர்ங்கிறது சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கைப் பேடால அழுத்திப் பிடிக்கிற பாகம், அது நகர்றது இந்தப் பின் மேலதான். பின்னை மூடியிருக்கிற ரப்பர் உறை (பூட்) கிழிசல் வழியா உப்பு ஈரம் உள்ளே போய்த் துருவேத்துறதுதான் காரணம். பிரேக் பிடிச்சா வண்டி ஒரு பக்கம் இழுக்கும், இறுகின சக்கரம் மட்டும் கொதிக்கும். கழட்டிப் பார்த்தா உள்பக்கப் பேடு 3 மி.மீ.க்குக் கீழே போயிருக்கும். வெளிப்பேடு பாதிகூடத் தேஞ்சிருக்காது.

இதுக்குச் சிலிகான் கிரீஸ் நல்ல சரக்கு. சாதா கிரீஸை விட விலை கூடத்தான். ஆனா பெட்ரோலிய கிரீஸ் பட்டா பூட் ரப்பர் ஊதிப் பின்னைக் கவ்விக்கும், அப்புறம் கிரீஸ் போட்டும் போடாத கதைதான். பின்னை உருவி, பழைய பிசுக்கை பிரேக் கிளீனர்ல கழுவி, மெல்லிசாப் பூசணும். அள்ளி அப்பினா துளைக்குள்ள காத்து அடைபட்டு பின் சரியா உட்காராது. டிஸ்க்லயும் பேடு முகத்துலயும் படவே கூடாது. கிழிஞ்ச பூட்டை மாத்தாம கிரீஸ் மட்டும் போடறது வீண் செலவு.

பேடைத் தள்ளுற பிஸ்டனே துருப்பிடிச்சிருந்தா இது உதவாது, பிஸ்டனையும் அதோட ரப்பர் சீல் கிட்டையும் மாத்தணும். பெடல் பஞ்சா அமுங்கினா பெரும்பாலும் பிரேக் ஆயில் லைன்ல காத்து. அதுக்கு அந்தக் காத்தை வெளியேத்துற ப்ளீடிங்தான் வழி. முன் சக்கரம் ரெண்டுக்கும் சின்ன கிரீஸ் பாக்கெட்டே போதும், டப்பா தேவையில்லை.