கண்மடல் வீக்கம்: கெக்கரிக்காயா, தேத்தண்ணியா, சுடுதண்ணி ஒத்தடமா?

நல்லூர்த் திருவிழா 25 நாளும் எங்கட வீட்டில காலமையில எல்லாற்ற கண்மடலும் வீங்கித்தான் இருக்கும். இரவு கோயிலால வந்து படுக்கச் சாமம், பிறகு விடியக்காலமை எழும்போணும், மீன், இறைச்சி இல்லாட்டியும் மோர்மிளகாய், அப்பளம், ஊறுகாய் எண்டு உப்புக்குக் குறைவில்லை. தங்கச்சி கெக்கரிக்காய் (வெள்ளரிக்காய்) வெட்டி வைப்பா, மாமி உருளைக்கிழங்குத் துருவல், அம்மம்மா சுடுதண்ணி ஒத்தடம்தான் நல்லதெண்டு நிப்பா. எல்லாத்தையும் செய்து பாத்திட்டுத்தான் எழுதிறன்.

முதல்ல ஒண்டு விளங்கோணும். உடம்பிலயே மெல்லிசான தோல் கண்மடல்லதான், நேரா மல்லாந்து படுக்கேக்க அதுக்குள்ள தண்ணி சேருது, எழும்பி நடமாடினா தானா வடியும். அதால ஆறு மணிக்கு எதை வைச்சாலும் எட்டு மணிக்கு அது வேலை செய்தமாதிரித்தான் தெரியும்.

கெக்கரிக்காய் முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான், வேலை செய்யிறது அதின்ர குளிர். பிரிட்ஜில வைக்காம சந்தையால கொண்டுவந்த உடன வெட்டி வைச்சுப் பாத்தன், பெரிசா ஒண்டும் நடக்கேல்ல. குளிரா இருந்தாலும் ரெண்டு மூண்டு நிமிசத்தில சூடாகிடும், மாத்திக்கொண்டே இருக்கோணும். உருளைக்கிழங்கும் அதே கதைதான், துருவினா சாறு கண்ணுக்குள்ள வடிஞ்சு எரியும், நான் விட்டிட்டன்.

தேத்தண்ணி கொஞ்சம் மேல, ஏனெண்டா குளிரோட கஃபீனும் இருக்கு, அது ரத்தக்குழாயைச் சுருக்கும். எங்கட வீடுகளில தேயிலைப் பை இல்லை, தூள்தான், அதால சீனி போடாத வெறுந்தேத்தண்ணியை நல்லா வடிச்சு ஆறவிட்டு, பிரிட்ஜில வைச்சு, சுத்தமான லேஞ்சியை நனைச்சுப் பிழிஞ்சு கண்ணை மூடி 10 நிமிசம் வைக்கிறது. ஆனா பச்சத்தண்ணியில நனைச்ச குளிர்ந்த சீலையோட ஒப்பிட்டா வித்தியாசம் சின்னன்தான், அதால அவசரத்துக்கு எனக்குச் சீலையே போதும். ஐஸை மட்டும் நேர தோலில வைக்காதேங்கோ, சீலையால சுத்தி வையுங்கோ.

அம்மம்மான்ர சுடுதண்ணியை நான் கனகாலம் நம்பேல்ல, அது என்ர பிழை. போன வருசம் ஒரு கண்ணில மட்டும், மடல் ஓரத்தில நோவோட வீங்கிச்சுது, நான் மூண்டு நாள் ஐஸ் வைச்சு ஒண்டும் நடக்கேல்ல, பாத்தா அது கண்கட்டி. மடல் ஓரத்து எண்ணெய்ச் சுரப்பி அடைபட்டுத்தான் அது வாறது, சூடுதான் அந்த எண்ணெயை இளக்கும். பொறுக்கக்கூடிய சூட்டில, மணிக்கட்டில தொட்டுப் பாத்து, 5 இலயிருந்து 10 நிமிசம், ஒரு நாளைக்கு மூண்டு நாலு தரம் வைச்சன், பிதுக்கேல்ல, கொஞ்ச நாளில வத்திட்டுது. ரெண்டு கண்ணும் கடிச்சு வீங்கினா அது பெரும்பாலும் அலர்ஜி, அதுக்குத் திரும்பக் குளிர்தான், கசக்கவும் கூடாது. தேசிக்காய்ச் சாறு, தேன், தாய்ப்பால் ஒண்டும் கண்ணுக்குள்ள விடாதேங்கோ.

உண்மையா இது எல்லாத்தையும் வெண்டது ரெண்டு விசயம். ஒண்டு, ரெண்டு தலகணி வைச்சுத் தலையை உயத்திப் படுக்கிறது. மற்றது, இரவுச் சாப்பாட்டில அப்பளமும் ஊறுகாயும் குறைக்கிறது. வளந்த ஆக்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவா, ஒரு தேக்கரண்டியும் வராத அளவு உப்புத்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

கண் சிவந்து நோவு, காய்ச்சல், பார்வை மங்கல், கண்ணை அசைக்க ஏலாமை எண்டா ஒத்தடம் வைச்சுக்கொண்டு இருக்காம அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. எங்கட அயலில ஒரு சின்னப் பெடியனுக்கு ஒவ்வொரு காலமையும் முகமும் மடலும் வீங்கிச்சுது, ரெண்டு கிழமை கெக்கரிக்காய்தான் வைச்சவை, பிறகு காலும் வீங்கி மூத்திரம் நுரையாப் போகத்தான் கொண்டுபோய்ச் சோதிச்சவை, சிறுநீரகத்தால புரதம் வெளிய போய்க்கொண்டிருந்திருக்கு. இப்ப மருந்தில இருக்கிறான், வீக்கம் வத்திட்டுது.