கினிப்பிக் நால்வர்: திருகோணமலை வெக்கையில் வளர்த்த அனுபவம்

"கினிப்பிக் வாங்கலாமா? எங்கட வெக்கைக்குத் தாங்குமா? பிள்ளைகளோட விளையாடுமா?" வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேராவது இந்த மூன்றையும் கேட்காமல் போவதில்லை. கினிப்பிக் என்பது முயலைவிடச் சிறிய, வாலில்லாத ஒரு கொறிக்கும் பிராணி. சுருக்கமாகச் சொன்னால்: வாங்கலாம். வெக்கையை அதுவாகத் தாங்காது, நாங்கள்தான் தாங்க வைக்க வேண்டும். பிள்ளைகளோடு விளையாடாது, ஆனால் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். விரிவாகக் கேட்பவர்களுக்காக மிச்சத்தை எழுதுகிறேன்.

2021 இல் ஒரு சோடியாக வாங்கினோம். "ரெண்டும் பெட்டைதான், பயமில்லாமக் கொண்டு போங்க" என்று கடையில் சொன்னார்கள். சில வாரத்தில் ஒன்று மற்றதைச் சுற்றிச்சுற்றி, இடுப்பை ஆட்டியபடி அடித்தொண்டையில் உறுமத் தொடங்கியது. பெட்டைகளும் சில வேளை அப்படிச் செய்வதுண்டு என்றாலும், இது செய்த விதத்தைப் பார்த்ததும் விஷயம் வெளித்துவிட்டது. வேணி என்று வைத்த பெயரை மணியம் என்று மாற்றினோம். அதற்குள் மற்றதான கறுப்பிக்கு வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது.

கினிப்பிக்கின் சினைக்காலம் ஏறத்தாழ 59 முதல் 72 நாள். அவ்வளவு காலம் வயிற்றில் இருப்பதால் குட்டிகள் உரோமம், பல், திறந்த கண் எல்லாவற்றோடும் பிறந்து, ஓரிரு நாளில் தாயின் புல்லைக் கொறிக்கின்றன. கறுப்பிக்கு இரண்டு: சீனி பெட்டை, சின்னராசு கடுவன். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினைப்படும் என்பதால் மணியத்தை முன்கூட்டியே வேறு கூட்டில் விட்டிருந்தோம். மூன்று வாரமானதும் சின்னராசுவைத் தகப்பனிடம் சேர்த்தோம். முதல் பிரசவம் ஏழெட்டு மாத வயதுக்குப் பிந்தினால் பெட்டையின் இடுப்பெலும்பு இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். கறுப்பி இளசாக இருந்ததால் தப்பினாள். கடைக்காரர் சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தைக்குள் இத்தனையும் இருந்தது.

இப்போது பெண்கள் இருவரும் விறாந்தையை ஒட்டிய அறையில், ஆண்கள் இருவரும் சாப்பாட்டறை மூலையில். பெண் வாசனை பட்டால் ஆண்கள் தங்களுக்குள் சண்டைக்கு நிற்பார்கள் என்பதால் இந்த இடைவெளி.

ஆரம்பத்தில் பக்கத்து வீட்டு அம்மம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, பெருச்சாளியையா வளக்கிறீங்க?" என்றார். எங்கள் வீட்டிலும் சிலர், எல்லாம் ஒரே மாதிரித் தின்று ஒரே மாதிரிக் கழிக்கும் சாமான், இதில் குணம் எங்கே இருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். ஒன்றை மட்டும் வளர்த்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். தனியாக இருக்கும் கினிப்பிக் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். குணம் வெளியே வருவதே இன்னொன்றோடு உரசும்போதுதான். சுவிட்சர்லாந்தில் 2008 இலிருந்து இதைத் தனியாக வளர்க்கவே சட்டத்தில் இடமில்லை.

கறுப்பி வீட்டுக்குப் பெரியவள். சண்டை பிடிப்பதில்லை. தலையால் ஒரு தள்ளு, அவ்வளவுதான், சீனி விலகிவிடுவாள். ஒரே அளவில் இரண்டு வெள்ளரித் துண்டு போட்டால் தன்னுடையதை விட்டுவிட்டு சீனியின் வாயில் இருப்பதைத்தான் இழுப்பாள். அதைப் பறித்துத் தின்று முடித்த பிறகு தன் துண்டுக்கு வருவாள். முதுகின் பின்பக்கம் தடவினால் பிடிக்காது, தலையை வெடுக்கென்று மேலே எறிவாள். "கையை எடு" என்று அதற்கு அர்த்தம். ஆனால் மிருக வைத்தியரின் மேசையில் நால்வரிலும் அமைதியாக நிற்பவள் இவள்தான்.

சீனிக்கு வாய்தான். பிறிட்ஜ் கதவு, பலகையில் கத்தி படும் சத்தம், சொப்பிங் பை சரசரப்பு, எதற்கும் "வீக், வீக்" என்று வீடு அதிரக் கத்துவாள். இந்தக் கத்தலை ஒன்றை நோக்கி மற்றொன்று பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. சாப்பாடு தரும் மனிதருக்கென்றே வைத்திருக்கும் சத்தம் மாதிரித்தான் தெரிகிறது. என் கணவர் மோட்டார் சைக்கிளைப் படலையடியில் நிற்பாட்டினால் கத்துகிறாள், அடுத்த வீட்டுப் பையனின் மோட்டார் சைக்கிளுக்குக் கத்துவதில்லை. புல்லுச் சாக்கு வருவது எந்த வண்டியில் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். ஒருமுறை விருந்தாளி ஒருவர் பையிலிருந்து மருந்துப் போத்தலை எடுத்தார். அவள் கத்திய கத்தலில் பாவம், அவர் எழும்பிப் போய்க் கொஞ்சம் கீரை பிடுங்கி வந்தார்.

மணியம் எதையும் நம்பமாட்டான். கூட்டுக்குள் புதிதாக ஒரு காட்போட் பெட்டி வைத்தால், பின்னங்கால் இரண்டையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு உடம்பை மட்டும் நீட்டி முகர்வான். ஓடுவதற்குக் கால் தயாராக இருக்க வேண்டுமாம். யன்னலில் காகத்தின் நிழல் விழுந்தால் எல்லோரும் அப்படியே உறைந்துபோவார்கள். மற்ற மூவரும் கொஞ்ச நேரத்தில் புல்லுக்குத் திரும்பிவிடுவார்கள், இவன் மட்டும் நிற்பான். மேசையில் தொலைபேசி அதிர்ந்தால் "டிர்ர்" என்று ஒரு குட்டிச் சத்தம். தீபாவளி வெடிக்கு இவன் கூட்டைத் துணியால் மூடி உள்ளறைக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவு பயந்தவன்தான், மகள் தரையில் இருந்து படிக்கும்போது அவளுடைய காலோடு ஒட்டிப் படுத்துப் பின்னங்காலை நீட்டுகிறான். கினிப்பிக் காலை நீட்டிப் படுப்பது லேசில் கிடைக்காத நம்பிக்கை. அவள் தூக்கப் போனால் அந்தக் கணமே எழும்பிப் போய்விடுவான், அது வேறு கதை.

சின்னராசு நாலைந்து மாதத்தில் தகப்பனுக்கு எதிராக நிமிர்ந்தான். உறுமல், பல்லைக் கடகடவென்று அடிப்பது, யார் தலையை உயரத் தூக்குவது என்ற போட்டி, மேலே ஏறுவது எல்லாம் நடந்தது. இந்தக் கட்டத்தில்தான் பலர் பயந்து பிரித்துவிடுகிறார்கள், அதோடு இரண்டும் தனிமைப்படுகின்றன. இரத்தம் வராதவரை நாங்கள் கை வைக்கவில்லை. தண்ணீர்ப் போத்தல் இரண்டு, சாப்பாட்டுத் தட்டு இரண்டு, ஒளியும் பெட்டி இரண்டு, ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு வாசல். ஒரு வாசல் மட்டும் என்றால் உள்ளே அகப்பட்டவன் கடித்துத்தான் வெளியே வருவான். சில வாரம் இழுபட்டு, மகன் வென்றான். மணியத்துக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. முடிவெடுக்கும் பொறுப்பு போய்விட்ட நிம்மதியில் முன்னைவிட நன்றாகத் தின்கிறான் என்றுதான் எனக்குப் படுகிறது.

சந்தோஷம் வந்தால் நால்வரும் செய்வது ஒன்றுதான்: நின்ற நிலையில், சட்டியில் சோளம் பொரிவது போல மேலே துள்ளி, நடுவானில் உடம்பை முறுக்கி விழுவார்கள். முதன்முறை பார்ப்பவர்கள் வலிப்பு வந்துவிட்டது என்று பதறுவார்கள். குட்டிகள் அடிக்கடி துள்ளும். கறுப்பி இப்போது புதுப் புல் போடும் நாளில் மட்டும், அதுவும் பின்பக்கம் அரைவாசிதான் எழும்பும்.

இன்னும் இரண்டு விஷயம் புதிதாக வளர்ப்பவர்களைத் திகைக்க வைக்கும். ஒன்று, நீண்ட நேரம் தூங்குவதில்லை. பகலிலும் இரவிலும் சின்னச் சின்னத் தூக்கம், அதுவும் பெரும்பாலும் கண்ணைத் திறந்தபடி. விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் சுறுசுறுப்பு. மற்றது, தன் பின்பக்கத்திலிருந்தே மென்மையான ஒருவகைப் புழுக்கையை எடுத்துத் தின்னும். அருவருப்படையாதீர்கள். முதல் தடவையில் உடம்பு எடுத்துக்கொள்ளாத சத்துகளையும் பி வகை விற்றமின்களையும் அப்படித்தான் இரண்டாம் தடவை எடுக்கிறது. தடுத்தால் நோயாகும்.

தூக்குவது பற்றி: இயற்கையில் இவற்றை மேலேயிருந்து பிடிப்பது பருந்து மாதிரியான எதிரிதான். ஆகவே மேலேயிருந்து இறங்கும் கை எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் அதற்குப் பருந்துதான். நாங்கள் ஒரு பெட்டியைப் பக்கவாட்டில் வைத்து, தானாக ஏறியதும் பெட்டியோடு தூக்குகிறோம். கூட்டுக்கு உயரம் தேவையில்லை, தரைப்பரப்புத்தான் தேவை. திறந்த நடுப்பகுதியைத் தவிர்த்துச் சுவரோரமாகவே ஓடும், அதனால் நீளமான கூடு நல்லது. கம்பி வலைத் தரை கால் பாதத்தைப் புண்ணாக்கும்.

இனி வெக்கை. இவற்றின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாடு. பெருவில் பல ஆயிரம் வருடமாக இறைச்சிக்காக வளர்த்துவருகிறார்கள், இன்றும் தின்கிறார்கள். குளிர்ந்த மலைப்பிராணி. 27, 28 பாகை செல்சியஸ் தாண்டினாலே கவனம் வேண்டும், வியர்க்காது. திருகோணமலையிலோ கச்சான் என்னும் வரண்ட தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை 34, 35 சாதாரணம். குளிர் மலையூரான நுவரெலியாக்காரருக்கு இந்தப் பந்தி தேவையில்லை, எங்களுக்கு இதுதான் பாதி வேலை. தகரக் கூரைக்குக் கீழே வைக்கவே கூடாது. எங்கள் கூடுகள் ஓட்டு வீட்டின் உள்ளே, தரையோட்டின் மேல். மத்தியானத்தில் துணி சுற்றிய ஐஸ் போத்தல் ஒன்றைக் கூட்டுக்குள் படுக்க வைப்போம். கறுப்பி அதில் சாய்ந்து கிடப்பாள், மணியம் வழக்கம்போல் தூர நின்று பார்ப்பான். யன்னலில் நனைத்த சாக்கு. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு வந்தபோது ஐஸ் இல்லை, விசிறி இல்லை. பழைய கூரை ஓடுகளைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்துப் படுக்கத் தந்தோம், மண்பானை ஒன்றைப் பாதியாக உடைத்துக் கவிழ்த்து வைத்தோம். அது இப்போதும் தொடர்கிறது, ஐஸ் போத்தலைவிட அதைத்தான் விரும்புகிறார்கள். கினிப்பிக் தட்டையாகக் கிடந்து, வேகமாக மூச்சு வாங்கி, வாயில் நீர் வடிந்தால் அது வெப்பத்தாக்கம். ஈரத்துணியால் மெல்லக் குளிர்வித்துக்கொண்டே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

மாரியில் வேறு தலையிடி. விரிக்கும் துணி காயாது. ஈரத்தில் கிடந்தால் தோலில் பூஞ்சணம் பிடிக்கும். நாங்கள் பேப்பரும் பழைய துவாயும் விரிக்கிறோம். மரக்காலைத் தூள் தூசியாகி மூச்சைப் பாதிக்கும், உமி கண்ணில் குத்தும். சிறுநீர்க் கறை வெள்ளையாகப் படியும், வினாகிரி ஊற்றித் தேய்த்தால் போகும். மணம் வருமா என்றால், ஒரு நாள் விட்டுப் பாருங்கள், வரும்.

சாப்பாட்டில் முக்கால்வாசிக்கு மேல் புல்தான். பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும், அதைத் தேய்ப்பது புல். இறக்குமதி உலர்புல்லின் விலைக்கு நாங்கள் போகவில்லை. கினிப்புல்லும் அறுகும் கன்னியாப் பக்கமிருந்தும் தம்பலகாமத்து வரப்புகளிலிருந்தும் வருகின்றன. மருந்தடித்த வயலோரமா என்று கேட்டுத்தான் வெட்ட வேண்டும். மிஞ்சுவதை நிழலில் உலர்த்துவோம். உலர்த்துவது வளவுக்குள் என்றால் படலை பூட்டியிருக்க வேண்டும். இந்த ஊர் புள்ளிமான்கள் பிரெட்ரிக் கோட்டைக்குள் மட்டும் நிற்பவை அல்ல என்பது தெரிந்ததுதானே, வீதியால் வந்து ஒரு வாரப் புல்லை ஒரே இரவில் முடித்துவிட்டுப் போயின.

மனிதரைப் போலவே கினிப்பிக்கின் உடம்பும் விற்றமின் சியைத் தானாக உண்டாக்காது. தினமும் உணவில் கிடைக்காவிட்டால் மூட்டு வலித்து, நடை குறைந்து, ஈறு கெடும். கறிமிளகாய் (காரமில்லாத பெரிய மிளகாய்) தினமும் ஒரு துண்டு, கொய்யா சிறு துண்டு இடைக்கிடை. வல்லாரையும் பொன்னாங்காணியும் கொஞ்சம். முருங்கையிலையில் கல்சியம் அதிகம், சிறுநீரில் கல் வரும் என்பதால் எப்போதாவதுதான். வெங்காயம், உருளைக்கிழங்கு, ஆனைக்கொய்யா கிட்டவும் காட்டக் கூடாது. பாண், சோறு, பிஸ்கட் வேண்டாம். முயல் தீனியில் விற்றமின் சி சேர்ப்பதில்லை, அதை நம்பி இருக்காதீர்கள்.

வைத்தியம்தான் இந்த ஊரில் பலவீனமான இடம். மாடு, ஆடு, நாய் பார்த்துப் பழகிய கைகளே அதிகம். பெனிசிலின், அமொக்சிசிலின் வகை மருந்துகள் கினிப்பிக்கின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்று உயிரையே எடுத்துவிடும். மருந்து எழுதும்போது இதை நினைவுபடுத்தினால் நல்ல வைத்தியர் கோபிக்கமாட்டார். இரையாகும் பிராணி என்பதால் வருத்தத்தைக் கடைசிவரை மறைக்கும். அதனால் வாராவாரம் குசினித் தராசில் நிறுக்கிறோம். வளர்ந்தது 700 முதல் 1200 கிராம் வரை இருக்கும், திடீரென்று 50, 60 கிராம் இறங்கினால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் ஏதோ இருக்கிறது. அரைநாள் தின்னாமல் கிடந்தால் அடுத்த நாளுக்குத் தள்ளக் கூடாது, குடல் நின்றுவிடும்.

இரவில் வெளியே விடவே வேண்டாம். பூனை, கீரி, சாரைப்பாம்பு எல்லாம் இருக்கும் வளவு எங்களுடையது.

ஐந்திலிருந்து எட்டு வருடம் வாழும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால் பிள்ளை பதினோராம் வகுப்பில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் வருடத்திலும் அது புல் கேட்டுக் கத்தும். மடியில் வைத்துக் கொஞ்ச ஏதாவது வேண்டுமென்றால் நாய்க்குட்டி பாருங்கள். தரையில் பாய் போட்டு இருந்து, இன்று யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்று பார்க்கப் பொறுமை இருந்தால் இதைவிட நல்ல பிராணி எனக்குத் தெரியாது. வாங்கும்போது ஒரே பாலில் இரண்டாக வாங்குங்கள், ஆண் பெண் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கண் தெளிவாக, மூக்கு காய்ந்து, பின்பக்கம் சுத்தமாக இருக்கிறதா என்று நீங்களே தூக்கிப் பாருங்கள். எங்களிடம் குட்டி கேட்டு வருகிறவர்களுக்கு: குட்டி இல்லை, இரண்டு கூட்டையும் ஒன்றாக்கும் யோசனையும் இல்லை.