தரங்கம்பாடிக் கரையில் கேரவன் தங்கல்: மூத்தவர்களுக்குப் பொருந்துமா?

அமெரிக்காவிலும் கனடாவிலும் பணி ஓய்வு பெற்ற தம்பதியர் பலர், உறைபனிக் காலம் தொடங்கியதும் வீட்டைப் பூட்டிவிட்டு, படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள வண்டியில் தெற்கே இறங்கி, மெக்சிகோவின் கடலோர ஊர்களில் சில மாதங்கள் தங்குவது நெடுநாளைய வழக்கம். நம் டெல்டாவில் குளிருக்கு அஞ்சி ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. ஆயினும் தை மாதத்தில் கடற்காற்றில் சில நாள் இருக்க வேண்டும், சாப்பாடும் கழிப்பறையும் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்று விரும்பும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த ஏற்பாடு ஒத்துவருமா என்று அறிய, நானும் என் கணவரும் ஒரு கேரவனை ஓட்டுநரோடு வாடகைக்கு எடுத்து, தரங்கம்பாடியில் ஒரு தென்னந்தோப்பில் நிறுத்தித் தங்கினோம். வண்டி நன்றாகவே இருந்தது. ஆனால் இத்தகைய தங்கலின் தரத்தை வண்டியைவிட அது நிற்கும் இடமே தீர்மானிக்கிறது என்பது என் முடிவு.

முதலில் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரையைத்தான் தேடி வரும் என்பதால், பொங்கலுக்கு முன் இந்த எண்ணமே வேண்டாம். தை பிறந்த பின் வானம் வெளுத்துவிடும். இரவில் மெல்லிய போர்வை போதும். வண்டியில் மின்சாரத்தை அதிகம் இழுப்பது ஏ.சி.தான். அதைப் போட வேண்டிய தேவையே எழாததால் விளக்கு, மின்விசிறி, சிறிய குளிர்பெட்டி ஆகியவற்றை இன்வெர்ட்டரே தாங்கியது. சித்திரையில் இதே வண்டியை எடுத்தால் கணக்கு வேறாகிவிடும்.

உள்ளே படுக்கை இருவருக்கும் தாராளமாக இருந்தது. மெத்தை முதுகுக்கு இதமான அளவு கெட்டியானது. நள்ளிரவில் எழுந்தால் நான்கு அடியில் கழிப்பறை என்பது, நீரிழிவுக்காரரான என் கணவருக்கு எந்தக் கடற்கரை விடுதியும் தராத நிம்மதியைத் தந்தது. இரண்டு அடுப்பு கொண்ட மேடையில் இட்லியும் ரசமும் தடையின்றி ஆயின. காலையில் கூடையோடு வரும் அம்மாவிடம் நெத்திலியும் சங்கராவும் துடிப்பாகக் கிடைக்கும். ஆனால் உள்ளே மீன் வறுத்தால் வாடை மெத்தைவரை ஏறிவிடும் என்பதால், பக்கவாட்டில் இழுத்து விரிக்கும் கூரைத் துணியின் கீழ் அடுப்பை வைத்துக்கொள்வதே நல்லது.

குறை என்று சொன்னால் முதலில் படிக்கட்டைத்தான் சொல்வேன். தரையிலிருந்து முதல் படி ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. பிடித்து ஏறக் கைப்பிடியும் இல்லை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு வாடகைக்கு விடும் வண்டியில் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டார்கள் என்று உண்மையிலேயே வருத்தப்பட்டேன். தோப்புக்காரர் ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் நான் தயக்கமின்றி இறங்கினேன்.

தண்ணீரும் கழிவும் அடுத்தது. கடலை ஒட்டிய தோப்புகளில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் கரிக்கும். குளிக்கலாம், காபி போட முடியாது. எனவே குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் வாங்கியாக வேண்டும். கழிப்பறையின் அடியில் உள்ள பெட்டி நிறைந்ததும் வெளியே இழுத்தெடுத்துக் காலி செய்ய வேண்டும். மெக்சிகோவில் இந்த வண்டிகளுக்கென்றே அமைந்த பல மனைகளில் மின்சாரம், தண்ணீர், கழிவுக்குழாய் மூன்றும் வண்டியின் பக்கத்திலேயே இருக்கும். நாங்கள் விசாரித்தவரை இந்தக் கரையில் அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. தோப்பு வீட்டின் செப்டிக் டேங்க்கில் கொட்ட உரிமையாளர் இசைந்தார். அவர் மறுத்திருந்தால் என்ன செய்திருப்போம் என்பதற்கு வாடகை நிறுவனத்தாரிடம் பதில் இல்லை. மின்சாரத்திலும் ஒரு கவனம் தேவை: மோட்டார் கொட்டகையில் வருவது விவசாயத்துக்கான இலவச இணைப்பு, அதிலிருந்து வண்டிக்கு எடுப்பது முறையன்று. வீட்டு இணைப்பிலிருந்து எடுத்து, அதற்குரிய தொகையைப் பேசிக் கொடுத்துவிடுங்கள்.

நிறுத்தும் விதத்திலும் நுணுக்கம் உண்டு. நிழலுக்காக ஓட்டுநர் ஒரு மரத்தை ஒட்டி நிறுத்தப் போனபோது, “அம்மா, குல தொங்குற மரத்துக்குக் கீழ வேணாம்மா, நெத்து விழுந்தா கூரை போயிரும்” என்று தோப்புக்காரர் தடுத்தார். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால் கதவு தெற்கே பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணல் சோற்றில் விழும். விடியற்காலையில் கண்ணாடி முழுவதும் பனியும் உப்பும் சேர்ந்து பிசுபிசுப்பாகப் படிந்திருக்கும். அதை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழுந்து, முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

ஊரைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620இல் டென்மார்க் நாட்டவரான டேனியர் எழுப்பிய டேன்ஸ்போர்க் கோட்டையும், ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு காலத்தில் 1718இல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயமும், கடல் முன்பகுதியைக் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயிலும் மாலை நடையில் அடங்கிவிடும். மணிவிழாவுக்குப் பெயர்பெற்ற திருக்கடையூர் பக்கத்திலேயே இருக்கிறது. முகூர்த்த நாளில் அங்கே இவ்வளவு பெரிய வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது என்பதால் ஆட்டோவில் போவது மேல். மயிலாடுதுறையிலிருந்து வரும்போது அறுவடை நெல்லைச் சாலையோரம் காயப்போட்டிருப்பார்கள், ஓட்டுநரிடம் நிதானமாகப் போகச் சொல்லுங்கள்.

வாடகை, ஓட்டுநர் படி, டீசல், தோப்புக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்தால் நல்ல விடுதி அறையைவிடக் கூடுதலாகவே ஆகிறது. வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கழிப்பறை அருகில் வேண்டியவர்களுக்கும் அந்தக் கூடுதல் தகும். மற்றவர்கள் அறையே எடுக்கலாம். படிக்குக் கைப்பிடி பொருத்துவதாக நிறுவனத்தார் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முன்பணம் கட்டும் முன் வண்டியை நேரில் போய்ப் பார்த்து, ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். நிறுத்தும் இடத்தையும் கழிவு கொட்டும் ஏற்பாட்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.