கோணலாகக் கூடிய குதிகால்: உள்ளபடியே ஃபியூஷனா, எலும்புத் துண்டு வைத்து உயர்த்துவதா?

பெங்களூரில் கொத்து வேலை செய்யும் என் மைத்துனர் சாரத்திலிருந்து விழுந்து, குதிகால் எலும்பு நொறுங்கியது. மாவுக்கட்டில் எலும்பு கூடிவிட்டது. ஆனால் உயரம் குறைந்து, பக்கவாட்டில் அகன்று கூடியது. ஒன்றரை ஆண்டுக்குப் பிறகும் வலி நிற்காததால், இரண்டு அறுவை சிகிச்சைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

குதிகால் எலும்புக்கும் அதன்மேல் அமர்ந்த டேலஸ் எலும்புக்கும் இடையிலுள்ள சப்டேலார் மூட்டில் தேய்ந்த குருத்தெலும்பை நீக்கி, இரு எலும்புகளையும் ஒன்றாக்குவது (ஃபியூஷன்) இரண்டுக்கும் பொது. அதன் பிறகும் கணுக்கால் மேலும் கீழும் அசையும். ஆனால் பாதம் பக்கவாட்டில் சாயாது என்பதால் மேடுபள்ளத்தில் நடப்பது சிரமம். வலி அந்த மூட்டில்தானா என்று அறிய மரத்துப்போகும் ஊசியை அதற்குள் போட்டு நடக்கவைத்தார்கள். வெளிப்புற வலி அடங்கியது, முன்பக்க வலி அப்படியே இருந்தது.

முதல் வழியில் மூட்டை இருக்கும் நிலையிலேயே கனமான ஸ்குரூ போட்டு இறுக்கி, வெளிப்புறம் புடைத்த எலும்பைச் செதுக்கிவிடுகிறார்கள். அந்தப் புடைப்புதான் தசைநாண்களைக் கணுக்காலின் வெளிப்புறமுள்ள ஃபிபுலா எலும்போடு நெரிக்கிறது. காயம் சிறியது, சிக்கலும் குறைவு. ஆனால் இழந்த உயரம் திரும்பாது.

1988-இல் கார் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் விவரித்த இரண்டாவது வழியில், இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துண்டை மூட்டுக்குள் ஆப்புப்போல் வைத்து உயரத்தை மீட்கிறார்கள். குதிகால் தாழ்ந்தால் டேலஸ் படுத்துவிடும். படியேறும்போதும் குந்தும்போதும் அதன் கழுத்து, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் கீழ்முனை முன்விளிம்பில் இடிக்கும். துண்டு வைத்தால் அந்தச் சாய்வு சீராகும். ஆனால் பாதகங்களும் கூடுதல்தான்: பல மாதங்களாகச் சுருங்கிக் கிடந்த தோலை இழுத்து மூடுவதால் புண் ஆறத் தாமதமாகலாம், அருகிலுள்ள நரம்பு பாதிக்கப்படலாம், துண்டு சரியாக அமராவிட்டால் குதிகால் உட்புறம் சாயலாம், எலும்பு எடுத்த இடுப்பும் வலிக்கும்.

குதிகால் எலும்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று காட்டும், பொதுவாக 20 முதல் 40 பாகை வரை இருக்கும் போலர் கோணம் அவருடைய எக்ஸ்ரேயில் ஏறக்குறைய தட்டையாகிவிட்டிருந்தது. அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பெரிய அறுவைக்கு ஒப்புவது தவறு என்பது என் கருத்து. வெளிப்புற வலி மட்டுமே உள்ளவருக்கு முதல் வழியே போதும். இவரோ, கீழ்வரிசைச் செங்கல் வைப்பவர்போல் குந்திக் காட்டச் சொன்னபோது பாதியிலேயே குதிகாலைத் தூக்கிவிட்டு, கணுக்காலின் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, “இங்கதான் முட்டுது” என்றார். ஊசிக்கு அடங்காத வலியும் அதே இடத்தில்தான். ஆகவே இரண்டாவது வழியைத் தேர்ந்தோம்.

புகை எலும்பு கூடுவதைக் கெடுக்கும் என்பதால், பீடியை விட்ட பிறகே தேதி தருவதாக மருத்துவர் சொல்லிவிட்டார். எந்த வழியானாலும், எலும்பு ஒட்டுவதை எக்ஸ்ரே காட்டும்வரை பல வாரங்கள் அந்தக் காலை ஊன்றக் கூடாது. கூலி இழப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.