நாம், நாங்கள், அவர்கள், நீ: பிரிட்பாப் சண்டைக்கு ஒரு தமிழ்த் தராசு

1995 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை. பிரிட்பாப் என்று பெயர் பெற்ற தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் கிட்டார் இசையில் இரண்டு பெரிய பேண்டுகள் பிளர், ஒயாசிஸ். பிளரின் 'கன்ட்ரி ஹவுஸ்', ஒயாசிஸின் 'ரோல் வித் இட்' என்ற இரண்டு பாட்டும் அன்று ஒரே நாளில் பிரிட்டன் கடைகளுக்கு வந்தன. தற்செயல் இல்லை. பிளர் தரப்பு தன் தேதியை நகர்த்திக்கொண்டு வந்து மோதியது. விஷயம் இரவு டிவி செய்தி வரைக்கும் போனது. வாரக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது பிளர் 2,74,000 பிரதிகள், ஒயாசிஸ் 2,16,000.

முப்பது வருஷமாகியும் ரசிகர்கள் இந்தக் கணக்கை விட்டபாடில்லை. பிளர் ரசிகர் எண்ணைச் சொல்வார். ஒயாசிஸ் ரசிகர், "அதே பாட்டை இரண்டு விதமான சிடியில் போட்டீர்கள், உங்கள் ஆட்கள் இரண்டையும் வாங்கினார்கள், அதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்பார். அதே அலையில் வந்த சுவேட் பேண்டின் ரசிகர் மெல்லத் தொண்டையைச் செருமி, "இந்தக் கடையைத் திறந்ததே நாங்கள்தான்" என்பார். நாலாவது பேண்டான பல்பின் ரசிகர் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பார். அந்தச் சிரிப்புதான் மற்ற மூவருக்கும் எரிச்சல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம் மோதிய இரண்டு பாட்டுமே அந்தந்த பேண்டின் முதல் பத்தில் வராது. என் பட்டியலில் முதல் இருபதிலும் வராது. சுமாரான இரண்டு பாட்டுகளை வைத்துக்கொண்டு யார் பெரியவர் என்று தீர்ப்பு எழுத முடியாது.

விற்பனை எண், விருது எண்ணிக்கை இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு வேறொரு தராசில் இந்த நாலு பேரையும் நிறுத்திப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் 'நாம்' என்றாலும் 'நாங்கள்' என்றாலும் ஒரே சொல்தான். கேட்பவரைச் சேர்த்துக்கொள்கிறோமா, வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோமா என்பதைத் தமிழ் தானாகவே காட்டிக் கொடுத்துவிடும். இந்த பேண்டுகளின் பாட்டை மனசுக்குள் தமிழாக்கிப் பார்த்தால் யார் எந்த இடத்தில் நின்று பாடுகிறார்கள் என்பது பட்டென்று விளங்கும்.

ஒயாசிஸ் பாடுவது 'நாம்'. மான்செஸ்டரின் பர்னேஜ் பகுதியில், அரசுக் குடியிருப்பில் வளர்ந்த அண்ணன் தம்பி, நோயல், லியம் கேலகர். 1993 மே மாதம் கிளாஸ்கோவின் சின்ன அரங்கு ஒன்றில் இவர்கள் வாசித்ததைக் கேட்டுவிட்டு, கிரியேஷன் ரெக்கார்ட்ஸின் ஆலன் மெகீ அங்கேயே ஒப்பந்தம் பேசினார். அடுத்த வருஷம் ஆகஸ்டில் வந்த 'டெஃபினிட்லி மேபி' அதுவரை பிரிட்டனில் மிக வேகமாக விற்ற முதல் ஆல்பம் ஆனது.

அதன் வரிகளைக் காகிதத்தில் எழுதிப் படித்தால் பாதிக்கு மேல் பொருளே இருக்காது. பிளர் ரசிகர் இங்கேதான் கையைத் தட்டிச் சிரிப்பார். ஆனால் அந்த வரிகள் படிப்பதற்கு எழுதப்பட்டவை அல்ல. ஐம்பதாயிரம் பேர் சேர்ந்து கத்துவதற்கு. கிட்டார் மேல் கிட்டாராக அடுக்கி எழுப்பிய சுவருக்கு முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மைக்கை அண்ணாந்து பார்த்தபடி லியம் ஒரு சொல்லை இழுக்கிறார். அந்த இழுப்புக்குள் யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம். இந்த பேண்ட் 'நான்' என்று பாடினாலும் அது கேட்பவரின் 'நான்'தான்.

1996 ஆகஸ்ட் 10, 11 தேதிகளில் நெப்வொர்த்தில் நடந்த ஒயாசிஸ் கச்சேரிகளுக்கு இரண்டு நாளும் சேர்த்து இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். டிக்கெட்டுக்கு முயன்றவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். அப்புறம் 2017 மே. மான்செஸ்டர் அரங்கில் குண்டு வெடித்துச் சில நாளில், செயின்ட் ஆன்ஸ் சதுக்கத்தில் ஒரு நிமிட மௌனம் முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு பெண் 'டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்' பாட ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். துக்கத்தில் ஒரு ஊர் தானாகத் தேடி எடுத்த பாட்டு அது. இந்த ஒரு விஷயத்தில் மற்ற மூன்று பேண்டும் பக்கத்தில் வர முடியாது.

ஒயாசிஸ் ரசிகர்கள் சரியாகப் பயன்படுத்தாத ஆயுதம் ஒன்று இருக்கிறது: சிங்கிள்களின் பின்பக்கப் பாட்டுகள். 'ஆக்வியஸ்', 'டாக் டுநைட்', 'ஹாஃப் த வேர்ல்ட் அவே', 'த மாஸ்டர்பிளான்' எல்லாமே பி-சைடாக வந்தவை. 'ஆக்வியஸ்' பாட்டில் சரணம் தம்பிக்கு, பல்லவி அண்ணனுக்கு. ஒருவருக்கொருவர் வேண்டும் என்று பாடுகிற அந்தப் பல்லவியை, பின்னாளில் பதினைந்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த இந்தப் பங்காளிகள் பாடினார்கள் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள், வேறு மாதிரி இருக்கும். மற்ற பேண்டுகள் இவற்றை ஆல்பத்தின் நடுவில் வைத்துக் கொண்டாடியிருக்கும். நோயல் கைக்கு வந்ததையெல்லாம் ஊதாரியாக வாரி இறைத்தார். 1997-இல் 'பீ ஹியர் நவ்' வந்தபோது பெட்டி காலி. பாட்டுகள் நீண்டன, ஒன்று ஒன்பது நிமிஷத்தையும் தாண்டியது. 'நாம்' என்ற கூட்டம் பெரிதாகப் பெரிதாக, சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது.

பிளர் பாடுவது 'அவர்கள்'. பாடகர் டேமன் ஆல்பர்னும் கிட்டார் கலைஞர் கிரகாம் காக்ஸனும் எசெக்ஸில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். 1992-இல் கடனைத் தீர்க்க அமெரிக்கா போய் ஊர் ஊராக வாசித்து, அங்கே யாரும் கண்டுகொள்ளாமல், வீட்டு நினைப்பும் எரிச்சலுமாகத் திரும்பி வந்தார்கள். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் 1993-இன் 'மாடர்ன் லைஃப் இஸ் ரப்பிஷ்'. அடுத்த ஏப்ரலில் 'பார்க்லைஃப்'. பாட்டுக்கு ஒரு பாத்திரம்: வேலையும் ஒழுங்குமாக இருந்து ஒரு நாள் கழன்றுபோகும் அரசு ஊழியர், வெயிலூருக்குக் கும்பலாகப் போய்க் கூத்தடிக்கும் இளவட்டங்கள். 'கன்ட்ரி ஹவுஸ்' கூட, தங்கள் ரெக்கார்ட் நிறுவனத்தை நடத்திய டேவ் பால்ஃப் கிராமத்தில் பெரிய வீடு வாங்கிப் போனதைக் கிண்டல் செய்தது.

இதில் சாமர்த்தியம் உண்டு. சங்கடமும் உண்டு. கலைக் கல்லூரிப் பின்னணியில் வந்தவர்கள் தெருவில் போகிறவனை ஜன்னலிலிருந்து பார்த்துச் சித்திரம் வரைவது போல் சில இடங்களில் ஆகிவிடுகிறது. 'த கிரேட் எஸ்கேப்' முழுக்க அந்த வாடை. வந்த புதிதில் விமர்சகர்கள் அதைத் தூக்கிக் கொண்டாடினார்கள்; அதற்கு அடுத்த மாதமே வந்த ஒயாசிஸின் 'மார்னிங் குளோரி'க்கு அரைமனதாகத்தான் மதிப்பெண் போட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் கதை தலைகீழ்.

ஆனால் நாலு பேரில் தன் இடத்தை விட்டு நகரத் துணிந்தது பிளர் மட்டும்தான். அமெரிக்காவைத் திட்டியே பிழைத்த பேண்ட், 1997-இல் அமெரிக்காவின் கரடுமுரடான கிட்டார் சத்தத்தை வீட்டுக்குள் கூட்டி வந்தது. அதற்குக் காரணம் காக்ஸனின் பிடிவாதம். இரண்டு நிமிஷம் இரண்டு விநாடி ஓடும் 'சாங் 2' அந்த அமெரிக்காவிலேயே விளையாட்டு மைதானம் எங்கும் ஒலித்தது. 1999-இன் '13' ஆல்பத்தில் ஆல்பர்ன் 'அவர்களை' விட்டுவிட்டு, காதல் முறிந்த தன் கதையைத் தானே பாடினார். 'நோ டிஸ்டன்ஸ் லெஃப்ட் டு ரன்' கேட்டபின் இவரைப் பொம்மலாட்டக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே பேண்டின் ஏழெட்டு ஆல்பத்தை வரிசையாகக் கேட்க வேண்டும் என்றால் நான் பிளரைத்தான் எடுப்பேன். தனித்தீவுக்கு ஒரு ஆல்பம் என்றால் எடுக்க மாட்டேன்.

அதற்குப் பல்ப் இருக்கிறது. இந்தப் பெயரைத் தமிழில் எழுதும்போது சிரிப்பு வராமல் இருக்காது, ஏனென்றால் இவர்கள் உண்மையாகவே வருஷக்கணக்கில் பல்பு வாங்கியவர்கள். ஷெஃபீல்டில் 1978-இல், பதினைந்து வயதில், ஜார்விஸ் காக்கர் ஆரம்பித்த குழு. முதல் ஆல்பம் 1983-இல் வந்தது, யாருக்கும் தெரியாது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஒரு பெண்ணிடம் கெத்துக் காட்ட ஜன்னலில் தொங்கிய ஜார்விஸ் கீழே விழுந்து எலும்பு முறிந்து, கொஞ்ச காலம் சக்கர நாற்காலியில் மேடையேறினார். நாடு அவரைத் திரும்பிப் பார்க்க 1995 வர வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு முப்பத்தோரு வயது.

இவர் பாடுவது 'நீ'. ஊரைச் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' இல்லை, தூரத்தில் நிற்கும் 'அவர்கள்' இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருத்தியிடம் நேராகச் சொல்வது. 'காமன் பீப்பிள்' பாட்டின் கட்டுமானத்தைப் பாருங்கள். லண்டன் கலைக் கல்லூரியில் ஒரு பணக்காரப் பெண், சாதாரண மக்களைப் போல வாழ்ந்து பார்க்க ஆசை என்கிறாள். முதலில் அவள் சொன்னதை அவர் திருப்பிச் சொல்கிறார், கேலியாக, கொஞ்சம் சபலத்தோடும். போகப்போக வேகம் ஏறுகிறது, குரல் உடைகிறது, கேலி கோபமாகிறது. உன்னால் முடியாது, ஏனென்றால் சுவரில் கரப்பான் ஊரும்போது நீ ஒரு போன் போட்டால் உன் அப்பா வந்துவிடுவார். வர்க்கம் என்பதைப் பற்றி அந்தப் பத்து வருஷத்தில் பிரிட்டனில் வந்த எந்தப் பாட்டும் இந்த நாலு சொச்சம் நிமிஷத்துக்குக் கிட்ட வராது. ஒயாசிஸ் தொழிலாளர் வீட்டில் பிறந்தது, பிளர் அந்த வீட்டை வேடிக்கை பார்த்தது. அங்கே வெளியேற வழியில்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று விளக்கியது பல்ப்.

அந்தப் பாட்டும் முதலிடம் பிடிக்கவில்லை. இரண்டு டிவி நடிகர்கள் பாடிய ஒரு பழைய காதல் பாட்டின் மறுபதிப்பு மேலே உட்கார்ந்திருந்தது. வேறென்ன, பல்பு. ஆனால் அந்த ஜூனில் கிளாஸ்டன்பரி இசை விழாவின் முக்கிய பேண்டான ஸ்டோன் ரோசஸில் கிட்டார் கலைஞர் சைக்கிளில் விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொள்ள, கடைசி நேரத்தில் பல்பைக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை இரவு கடைசிப் பாட்டாக 'காமன் பீப்பிள்' ஆரம்பித்ததும் அந்தப் புல்வெளி முழுக்கப் பாடியது. முந்தின நாள் இரவு அதே மேடையில் ஒயாசிஸ். இரண்டு பதிவையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களிடம் எனக்கு வாதம் தேவைப்படுவதில்லை.

'டிஃபரன்ட் கிளாஸ்' அக்டோபரில் வந்தது, அடுத்த வருஷம், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான மெர்குரி பரிசு வாங்கியது. 1996 பிரிட் விருது மேடையில் மைக்கேல் ஜாக்சன் பாடிக்கொண்டிருந்தபோது ஜார்விஸ் ஏறிப்போய்ப் பின்பக்கத்தை ஆட்டிக் காட்டி, போலீஸ் விசாரணை வரைக்கும் போன கதை எல்லாருக்கும் தெரியும். பல்ப் ரசிகர்கள் முதலில் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு அது சலித்துவிட்டது.

சுவேட் பாடுவது 'நாங்கள்'. கேட்பவர் முதலில் வெளியே நிற்க வேண்டும். உள்ளே வர, அந்த இரவும் அந்த மையிட்ட கண்ணும் தனக்கும் சொந்தம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். 1992 ஏப்ரலில், ஒரு பாட்டுகூட வெளிவராத நிலையில், மெலடி மேக்கர் பத்திரிகை இவர்களை அட்டையில் போட்டு பிரிட்டனின் சிறந்த புது பேண்ட் என்றது. 1993-இல் முதல் ஆல்பமே மெர்குரி வாங்கியது. 'கடையைத் திறந்தது நாங்கள்' என்பது வெறும் ஜம்பம் இல்லை. ஆனால் சுவேட்டின் பாடகர் பிரெட் ஆண்டர்சனுக்கே அந்தக் கடை பிடிக்கவில்லை. அவர் படத்துக்குப் பின்னால் பிரிட்டன் கொடியை ஒட்டி ஒரு பத்திரிகை அட்டை போட்டது அவருக்கு வெறுப்பு. எல்லாரும் கொடியை ஆட்டிக்கொண்டிருந்த 1994-இல் அவர்கள் 'டாக் மேன் ஸ்டார்' என்ற இருண்ட, பகட்டான, கூட்டத்துக்குத் துளியும் ஒத்துவராத ஆல்பத்தைப் போட்டார்கள். அது முடிவதற்குள் கிட்டார் கலைஞர் பெர்னார்ட் பட்லர் சண்டை போட்டு வெளியேறிவிட்டார். நாலு பேண்டின் ஆல்பங்களில் காலத்தின் தூசி படியாதது இதுதான். அதே சமயம், நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் இதைப் போட மாட்டேன்.

சூப்பர்கிராஸ் என்று இன்னொரு பேண்ட், எல்லாருக்கும் பிடிக்கும், யாரும் அவர்களுக்காகச் சண்டை போட மாட்டார்கள். அது ஒரு பாக்கியம்தான்.

எலாஸ்டிகா என்ற பேண்டைத்தான் இந்தச் சண்டையில் எப்போதும் மறந்துவிடுகிறார்கள். அதன் பாடகி ஜஸ்டின் ஃபிரிஷ்மன் சுவேட்டின் ஆரம்ப கால உறுப்பினர், பிரெட்டின் காதலி. பின்பு டேமனின் காதலி. 'டாக் மேன் ஸ்டார்' இருட்டையும் '13' அழுகையையும் பற்றிப் பேசும்போது இவர் பெயர் காதலியாக மட்டும் வந்து போகிறது. 1995-இல் வந்த இவருடைய முதல் ஆல்பம் பாட்டுக்கு இரண்டு மூன்று நிமிஷம், சொட்டுக் கொழுப்பு கிடையாது. வயர் பேண்டின் பழைய மெட்டைத் தூக்கிவிட்டார்கள் என்று புகார் வந்து, கோர்ட்டுக்கு வெளியே பணம் கொடுத்து முடித்தது உண்மை. இருந்தாலும் அந்த ஆல்பம் துள்ளுகிறது.

எலாஸ்டிகாவின் இரண்டாவது ஆல்பம் 'த மெனஸ்' 2000-இல் வந்தது, தோற்றது. அதன் அட்டையை வடிவமைத்தவர் ஜஸ்டினின் தோழி, யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்துவிட்டு அகதியாக லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம். எலாஸ்டிகாவின் அமெரிக்கப் பயணத்தைப் படம் பிடிக்கக் கூடவே போனவர், அங்கேதான் ரோலண்ட் 505 கருவியில் தாளம் கட்டப் பழகினார். 2003-இல் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 'கலாங்' வந்தது, முதலில் வெறும் ஐந்நூறு இசைத்தட்டு. அந்தப் பாட்டை எழுதியவர்கள் நாலு பேர்: மாயா, ஜஸ்டின் ஃபிரிஷ்மன், ஷெஃபீல்டின் ராஸ் ஆர்டன், பல்பின் பேஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் மேக்கி. பல்ப் ரசிகரிடம் இதைச் சொன்னால் அப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார், சிரிப்பார்.