ஒரே கால் முறிவு, இரண்டு கணக்கு: சதவீத முறையா, மல்டிப்ளையர் முறையா?

சாலை விபத்தில் கால் முறிந்தவருக்கு எவ்வளவு நஷ்ட ஈடு வரும் என்று கேட்டால், பெரும்பாலும் திரும்பி வரும் கேள்வி, "டாக்டர் எத்தனை பர்சன்ட் போட்டார்?" என்பதுதான். என்னைக் கேட்டால், அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: அவர் என்ன வேலை பார்த்தார், இப்போது அதைப் பார்க்க முடிகிறதா? தமிழ்நாட்டின் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயங்களில் நிரந்தர ஊனத்துக்குத் தொகை போட இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எந்த வழி என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்யும். வித்தியாசம் பல லட்சம் வரை போகும்.

சதவீத முறை எளிது. சான்றிதழில் உள்ள ஊனச் சதவீதத்தை ஒரு தொகையால் பெருக்கினால் போதும். சதவீதத்துக்கு இத்தனை ரூபாய் என்பது சட்டத்தில் எழுதியது கிடையாது. தீர்ப்புகளின் வழக்கத்தில் வந்து, காலத்துக்கேற்ப ஏறியும் இருக்கிறது. வயதும் வருமானமும் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

மல்டிப்ளையர் முறையில் அவை இரண்டும்தான் அடிப்படை. ஆண்டு வருமானத்தை வயதுக்குரிய எண்ணால் (இதுதான் மல்டிப்ளையர்) பெருக்கி, அதில் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்றோ அந்தப் பங்கை எடுப்பார்கள். வயதுக்குரிய எண்களை 2009-இல் உச்ச நீதிமன்றம் ஒழுங்குபடுத்தியது: 25 வயது வரை 18, 31 முதல் 35 வரை 16, 51 முதல் 55 வரை 11, 65-ஐத் தாண்டினால் 5. பிற்காலத்தில் வருமானம் உயர்ந்திருக்கும் என்பதற்காக, சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே இருந்தால் வருமானத்தோடு 40 சதவீதம் சேர்க்க வேண்டும் என்று 2017-இல் அரசியல் சாசன அமர்வு சொன்னது. அது மரண வழக்கு. நிரந்தர ஊனமடைந்தவர்களுக்கும் இது உண்டு என்பதை 2020-இல் மூன்று நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. மரண வழக்கில் இறந்தவரின் சொந்தச் செலவுக்கென்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். காயம்பட்டவர் உயிரோடு இருப்பதால் அந்தக் கழிவு இங்கே கிடையாது.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரையில் டைல்ஸ் ஒட்டும் 32 வயதுக் கொத்தனார் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத வருமானம் 15,000 ரூபாய். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, பிளேட் வைத்திருக்கிறார்கள். சான்றிதழில் ஊனம் 30 சதவீதம். சதவீதத்துக்கு 5,000 ரூபாய் என்று எடுத்தால் 1,50,000 வருகிறது. மல்டிப்ளையர் முறையில் 15,000-உடன் 40 சதவீதம் சேர்த்து 21,000, ஆண்டுக்கு 2,52,000, பதினாறால் பெருக்கினால் 40,32,000. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 20 சதவீதம்தான் என்று குறைத்து எடுத்தாலும் 8,06,400 ரூபாய். அதே கால், அதே சான்றிதழ். மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், வலி வேதனைக்கான தொகை எல்லாம் இரண்டு வழியிலும் தனியாகச் சேரும்.

30 ஏன் 20 ஆயிற்று என்று கேட்கலாம். காலுக்கு 30 சதவீதம் என்பது உடல் முழுவதற்கும் 30 ஆகாது. உடலுக்கு இத்தனை என்பதும் வருமானத்தில் அத்தனை இழப்பு என்று ஆகாது. 2010-இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியபோது காட்டிய உதாரணம் இடது கையை இழந்தவர். அவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் இழப்பு ஏறக்குறைய நூறு சதவீதம். அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை தொடரலாம், எனவே நூறு வராது. ஆகவே சான்றிதழ் எண்ணைவிடக் கூடவும் வரலாம், குறையவும் வரலாம்.

இங்கேதான் பல வழக்குகள் நியாயமில்லாமல் சுருங்கிப் போகின்றன. "கூலி வேலை" என்று மனுவில் ஒற்றை வரி எழுதிவிட்டு, டாக்டரிடம் சதவீதத்தை மட்டும் கேட்டு சாட்சியத்தை முடித்துவிடுகிறார்கள். அந்தக் கொத்தனார் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டியவர். இப்போது முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, குந்தி உட்கார முடியுமா, சிமெண்ட் மூட்டை தூக்கிப் படி ஏற முடியுமா என்பதை டாக்டர் வாயால் பதிவு செய்ய வைக்க வேண்டும். அவரை வேலைக்கு வைத்த மேஸ்திரியின் சாட்சியம், சம்பள வரவு தெரியும் பாஸ்புக், தொழிலாளர் நல வாரிய அட்டை, இவை இருந்தால் மல்டிப்ளையர் முறைக்கு அழுத்தமாக வாதாடலாம்.

எல்லாருக்கும் அது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். அதே பதவியில் அதே சம்பளத்தோடு அலுவலகம் திரும்பியவருக்கு வருமான இழப்பைக் காட்டுவது கடினம். அவருக்குச் சதவீத முறைதான் நேர்மையான வழி. அப்புறம், பொதுவாக ஒரே ஊனத்துக்கு இரண்டு முறையிலும் தொகை கிடைக்காது. யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் தரும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆவது பிரிவும் இருக்கிறது. அதை ஏற்றால் முழு இழப்பீடு கேட்கும் 166-ஆவது பிரிவு மனு அடிபட்டுப்போகும்.

லோக் அதாலத்தில் சமரசம் பேச உட்காரும்போது காப்பீட்டு நிறுவனம் பெரும்பாலும் சதவீத முறையில்தான் ஆரம்பிக்கும். போகும் முன்னரே இரண்டு தொகையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காயம்பட்டவர் மேலும் பாதித் தப்பு இருக்கிறது, ஹெல்மெட் போடவில்லை என்ற வாதம் வருமானால் அதற்கான கழிவையும் போட்டுப் பாருங்கள். பணம் உடனே தேவைப்படும் குடும்பம் மேல் தொகையிலிருந்து ஓரளவு இறங்கி வருவதில் தவறில்லை. ஆனால் பிளேட்டை எடுக்க இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருந்தால், அதன் செலவு மதிப்பீட்டை மருத்துவமனையில் எழுதி வாங்கித் தொகையில் சேர்க்கச் சொல்லுங்கள். லோக் அதாலத் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது.